பிளஸ் டூவில் 85, முதல் செமஸ்டரில் 51: மார்க் எங்கே போனது?

நவம்பர் செமஸ்டர் முடிவு வந்ததும் ஊட்டி, குன்னூர், கூடலூர் பக்கத்து வீடுகளில் ஒரே பேச்சுதான். பிளஸ் டூவில் 600-க்கு 510 வாங்கிய பிள்ளை காலேஜில் 51, 48 என்று வாங்கி வந்திருக்கிறது, ஒரு பேப்பரில் அரியர் வேறு. "போனைப் பார்த்தே கெட்டுப்போச்சு" என்று உடனே தீர்ப்பும் வந்துவிடும். போனுக்கும் பங்கு இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் மார்க் போடும் முறையே மாறியிருக்கிறது, அதைப் பிள்ளைக்கு யாரும் எடுத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள். தோட்டக் குடியிருப்புகளிலிருந்தும் படுகர் ஊர்களான ஹட்டிகளிலிருந்தும் முதல் பட்டதாரியாக வருகிறவர்களுக்கு வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஆள் இருக்காது.

முதலில் பாஸ் மார்க்கைப் பார்ப்போம். பிளஸ் டூவில் செய்முறை உள்ள பாடத்துக்கு எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. எழுத்தில் 70-க்கு 15 எடுத்து, மொத்தம் 35 வந்தால் பாஸ். செய்முறையும் அகமதிப்பீடும் சேர்ந்து 30-ஐ ஏறக்குறைய முழுசாகவே கொடுத்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதாவது எழுத்துத் தேர்வில் சுமாராக எழுதினாலும் பிள்ளை தப்பித்துவிடும்.

கலை, அறிவியல் கல்லூரிகளில் பரவலாக உள்ள முறை: இன்டர்னல், அதாவது கல்லூரியே போடும் மார்க் 25, செமஸ்டர் தேர்வு 75, பாஸ் 40. இந்த 40 மொத்தத்துக்கு மட்டும் என்று நினைத்துத்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். செமஸ்டர் தேர்வில் தனியாகவும் 40 விழுக்காடு, அதாவது 75-க்கு 30 எடுக்க வேண்டும் என்ற விதி பல பல்கலைக்கழகங்களில் உண்டு. இன்டர்னலில் 22, தேர்வில் 24 எடுத்தால் கூட்டுத்தொகை 46. ஆனாலும் அரியர்தான். "46 எடுத்தும் எப்படிப் பெயில்?" என்று கோவையில் உள்ள பல்கலைக்கழகத்துக்கு போன் போடுவதற்கு முன் இதைச் சரிபாருங்கள்.

பொறியியலில் இது இன்னும் கறார். கேத்தியில் உள்ளது உட்பட, அண்ணா பல்கலைக்கழக இணைப்புள்ள கல்லூரிகளில் 2021 விதிமுறைப்படி தியரி பேப்பருக்கு இன்டர்னல் 40, தேர்வு 60. மொத்தம் 50 வேண்டும், தேர்வில் தனியாக 45 விழுக்காடும் வேண்டும். 60-க்கு 45 விழுக்காடு என்றால் 27. இன்டர்னலில் 40-க்கு 38 வைத்திருந்தாலும் தேர்வில் 26 எடுத்தவர் பெயில். அங்கே கிரேடும் சார்பு முறையில் வரும். வகுப்பில் பாஸ் ஆனவர்கள் போதுமான எண்ணிக்கையில் இருந்தால், மற்றவர்கள் எடுத்த மார்க்கை ஒட்டித்தான் உங்கள் கிரேடு அமையும். ஒரே மார்க்குக்கு ஒரு பேப்பரில் ஒரு கிரேடும் இன்னொரு பேப்பரில் வேறு கிரேடும் வரலாம். அது தவறு என்று நினைத்து விண்ணப்பம் எழுத வேண்டாம்.

அடுத்தது கேள்வித்தாள். உண்மையில் மார்க் கரைவது இங்கேதான். பிளஸ் டூ இயற்பியலில் மூன்று மணி நேரத்தில் 32 விடைகள்: ஒரு மார்க் 15, இரண்டு மார்க் 6, மூன்று மார்க் 6, ஐந்து மார்க் 5. கணக்கில் 41 விடைகள். கல்லூரியில் பரவலாக உள்ள 75 மார்க் தாளில் அதே மூன்று மணி நேரத்துக்கு 20 விடைகள்தான்: ஒரு மார்க் 10, ஐந்து மார்க் 5, எட்டு மார்க் 5. எட்டு மார்க் கேள்விகளே 40 மார்க்கைப் பிடித்துக்கொள்கின்றன, பாதிக்கும் மேல். பள்ளியில் புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளைத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்த கைக்கு எட்டு மார்க் விடை பழக்கமே இருக்காது. ஐந்து மார்க்குக்கு எழுதும் ஒரு பக்கத்தையே இதற்கும் எழுதி வைத்தால் மூன்றோ நாலோதான் விழும்.

நேரத்தைக் கணக்குப் பாருங்கள். 180 நிமிடத்தை 75-ஆல் வகுத்தால் ஒரு மார்க்குக்கு 2.4 நிமிடம். எட்டு மார்க் விடைக்கு 19 நிமிடம், ஐந்து மார்க்குக்கு 12. வரையறை, படம் அல்லது சூத்திரம், விளக்கம், ஓர் எடுத்துக்காட்டு, பயன் என்று தலைப்பிட்டு 19 நிமிடம் இடைவிடாமல் எழுதும் பழக்கம் முதல் மாதத்திலேயே தொடங்க வேண்டும். பள்ளியில் விடைக்குறிப்பு வரிக்கு வரி இருக்கும், ஒரு படி எழுதினாலும் அதற்கு மார்க் உண்டு. கல்லூரித் தாளைத் திருத்துகிறவர் விடை முழுமையாக இருக்கிறதா என்று பார்ப்பார். தலைப்பில்லாமல் நாலு பக்கம் ஓடும் விடையைவிட, தெளிவாகப் பிரித்து எழுதிய இரண்டரைப் பக்கம் கூடுதலாக எடுக்கும். தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கில வழிக்கு வந்தவர்கள் பாட வரையறைகளை மட்டுமாவது ஒரு தனி நோட்டில் எழுதித் தினமும் பார்ப்பது நல்லது. விளக்கம் சற்றுத் தடுமாறினாலும் வரையறை சரியாக இருந்தால் விடை நிற்கும்.

இன்னொரு பொறி 'அல்லது' கேள்வி. பெரும்பாலும் இரண்டு கேள்வியும் ஒரே யூனிட்டிலிருந்துதான் வரும். ஐந்து யூனிட், ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஒரு மார்க், ஓர் ஐந்து, ஓர் எட்டு, ஆக 15 மார்க். ஒரு யூனிட்டை விட்டால் தாள் 60-க்குச் சுருங்கும், இரண்டை விட்டால் 45-க்கு. "ரெண்டு யூனிட் படிச்சா பாஸ்" என்று சீனியர் சொல்லும் கணக்கு காகிதத்தில் சரிதான், 15-உம் 15-உம் 30. ஆனால் அந்த 30-இல் ஒரு மார்க்கூடப் போகக் கூடாது. எட்டு மார்க்குக்கு எட்டும் போடுகிற திருத்துநர் அபூர்வம். குறைந்தது நாலு யூனிட் படிப்பதுதான் பாதுகாப்பு.

இன்டர்னலைப் பள்ளியின் 10 மார்க் போல எடுத்துக்கொள்ள வேண்டாம். தவறவிட்ட உள்தேர்வை மறுபடி வைப்பது அந்தந்தக் கல்லூரியின் விருப்பம். அதைவிட முக்கியம், அரியர் எழுதும்போதும் பெரும்பாலும் பழைய இன்டர்னல் மார்க்கே தொடரும். 25-க்கு 9 என்று விட்டவர் அடுத்த முறை மொத்தம் 40 தொட, தேர்வில் 31 எடுக்க வேண்டியிருக்கும். பள்ளியில் பெயிலானால் சில வாரங்களில் துணைத்தேர்வு வரும். இங்கே அடுத்த செமஸ்டர் வரை காத்திருக்க வேண்டும், அப்போது புதுப் பேப்பர்களும் வரிசையில் நிற்கும்.

கிரெடிட் என்ற எடை பள்ளியில் இல்லாத ஒன்று. வாரம் ஒரு மணி நேர வகுப்பு ஒரு கிரெடிட், செய்முறையானால் இரண்டு மணி நேரம். ஒவ்வொரு பேப்பரிலும் பத்துக்கு இத்தனை என்று வரும் கிரேடு புள்ளியைக் கிரெடிட்டால் பெருக்கிக் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுத்தால் வருவதுதான் செமஸ்டரின் சராசரிப் புள்ளி. 5 கிரெடிட் முதன்மைப் பாடத்தில் 5 புள்ளியும், 2 கிரெடிட் பாடத்தில் 10 புள்ளியும் எடுத்தவருக்கு 45 வகுத்தல் 7, அதாவது 6.43. இதையே மாற்றி எடுத்தவருக்கு 60 வகுத்தல் 7, அதாவது 8.57. சுலபமான பேப்பரில் உச்ச கிரேடான ஓ வாங்கி சமாளிக்கலாம் என்பது ஏன் நடக்காது என்று இதில் தெரியும். பட்டத்தின் வகுப்பை முதன்மைப் பாடங்கள் அடங்கிய மூன்றாம் பகுதியை வைத்துத்தான் பொதுவாகக் கணக்கிடுவார்கள், 60 எடுத்தால் முதல் வகுப்பு. முதல் பகுதித் தமிழ் இந்தக் கணக்கில் வராவிட்டாலும், அதில் அரியர் இருந்தால் பட்டம் கைக்கு வராது.

இனி மலைக்கே உரிய சிக்கல், அட்டென்டன்ஸ். தேர்வு எழுத 75 விழுக்காடு வேண்டும். அதற்குக் கீழே 65 வரை அபராதம் கட்டி எழுத வழி வைத்திருக்கும் இடங்கள் உண்டு. 90 வேலை நாள், நாளுக்கு 5 மணி நேரம் என்றால் மொத்தம் 450 மணி நேரம், விடக்கூடியது 112. மஞ்சூர், கீழ்கோத்தகிரி பக்கமிருந்து வரும் பிள்ளை பஸ் தாமதத்தால் தினமும் முதல் மணி நேரத்தை இழந்தால் அதிலேயே 90 போய்விடும். மிச்சம் 22 மணி நேரம், நாலு நாளுக்குச் சற்று மேல். ஒரு காய்ச்சலுக்கே அது தீர்ந்துவிடும். முதல் செமஸ்டர் சரியாகத் தென்மேற்குப் பருவமழையில் வருகிறது. மண் சரிந்து பாதை அடைபடும் நாளில் கலெக்டர் விடுமுறை அறிவித்தால், அது பள்ளிகளுக்கு மட்டுமா, கல்லூரிகளுக்கும் சேர்த்தா என்று முழுசாகக் கேளுங்கள். பஸ் நேரத்தால் வரும் தாமதத்தை செமஸ்டர் தொடக்கத்திலேயே துறைத் தலைவரிடம் எழுதிக் கொடுப்பது நல்லது. அட்டென்டன்ஸ் குறைந்தவர்கள் பட்டியலை ஒட்டியபின் கொடுக்கும் கடிதத்துக்கு மதிப்பு குறைவு. அரசு விடுதிக்கு விண்ணப்பிப்பதானால் சேர்க்கை நேரத்திலேயே விண்ணப்பித்துவிட வேண்டும்.

முடிவில் சந்தேகம் இருந்தால் மறுமதிப்பீட்டுக்கு அவகாசம் சில நாட்கள்தான். விடைத்தாள் நகல் கிடைக்கும் இடங்களில் அதை முதலில் வாங்கி, அந்தப் பாட ஆசிரியரிடம் காட்டிவிட்டுப் பணம் கட்டுங்கள். 28, 29-இல் நிற்கும் பேப்பருக்கு முயலலாம். 15-க்கு முயல்வது வீண் செலவு.

ஏப்ரல் செமஸ்டர் தேர்வு ஊட்டி சீசனோடு மோதும். குன்னூர் வழியாக ஏற்றம், கோத்தகிரி வழியாக இறக்கம் என்று ஒருவழிப் பாதை போட்டுவிட்டால் வழக்கமான பஸ் வழக்கமான நேரத்துக்கு வராது. தேர்வு தொடங்கி அரை மணி நேரம் தாண்டினால் பொதுவாக அறைக்குள் விடமாட்டார்கள். அந்த நாட்களில் ஒரு பஸ் முன்னதாகவே ஏறிவிடுங்கள்.