ஓட்டு அமீபா: முதலில் வாயைப் பாருங்கள்

பாசியை (மாஸ்) பிழிந்த தண்ணீரில் ஒரு சொட்டை ஸ்லைடில் விட்டு 100 மடங்கில் பார்த்தால், முதலில் தெரிவதெல்லாம் குப்பைதான். மண்துகள், மட்கிய இலையின் நார், யாரோ தின்றுபோட்ட, டயட்டம் என்ற நுண்ணுயிரின் ஓடுகள். அந்தக் குப்பையில் ஒரு சின்ன மண்குவியல் மட்டும் கொஞ்சம் ஒழுங்காக, குடுவை போல இருக்கும். கண்ணை எடுத்துவிட்டு ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் குடுவை இடம் மாறியிருக்கும். அதுதான் டிஃப்ளூஜியா. மணலை ஒட்டி வீடு கட்டிக்கொண்டு, அதைத் தூக்கிக்கொண்டே அலையும் ஒற்றைச் செல் உயிர்.

பாடப்புத்தக அமீபாவுக்கு உருவம் கிடையாது. டிஃப்ளூஜியா போன்ற ஓட்டு அமீபாக்களுக்கோ நிலையான ஓடு உண்டு. ஓட்டில் ஒரு வாய் உண்டு. அதன் வழியாகத்தான் போலிக்கால் வெளியே வரும், இரை உள்ளே போகும். பெரும்பாலானவை 20 முதல் 250 மைக்ரான் வரை. சாதாரண மாணவர் நுண்ணோக்கிக்குக் கச்சிதமான அளவு. அமீபா செத்த பிறகும் ஓடு கலையாமல் கிடப்பதால், அடையாளம் காண உயிருள்ளதுதான் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

சேகரிப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஈரப்பாசி, உதிர்ந்த இலைகளுக்கு அடியில் உள்ள மட்கு, குளத்தின் அடிச்சேறு, எது கிடைத்தாலும் சரி. பாசியைக் கிண்ணத்தில் பிழிந்து பத்து நிமிடம் விடுங்கள். ஓடுகள் கனமானவை, அடியில் போய் உட்கார்ந்துவிடும். சொட்டுக்குழாயை அடிவரை விட்டு உறிஞ்ச வேண்டும். மேல்தண்ணீரை எடுத்துப் பார்த்துவிட்டு ‘ஒன்றுமே இல்லை’ என்று கொட்டிவிடுகிறவர்கள்தான் அதிகம். இன்னொன்று: கவர்ஸ்லிப்பின் நான்கு மூலையிலும் கடுகளவு வாசலைன் வைத்துவிட்டு மூடுங்கள். ஓடு நசுங்காது, பிறகு அதை உருட்டவும் இடமிருக்கும். அந்த உருட்டல்தான் பாதி வேலை.

ஏனென்றால் அடையாளத்தில் பெரும்பகுதி வாயில் இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் ஆர்செல்லா என்ற ஓட்டு அமீபா ஒரு வட்டம்; நடுவில் இன்னொரு சின்ன வட்டம். ஓட்டை போட்ட பொத்தான் மாதிரி. அந்தச் சின்ன வட்டம் மேலே இருப்பதல்ல, அடிப்பக்கத்து வாய், மஞ்சள் ஓட்டின் ஊடாகத் தெரிகிறது. ஃபோகஸைக் கீழே இறக்கிக்கொண்டே போனால் அதன் விளிம்பு கூர்மையாகும். கவர்ஸ்லிப்பின் ஓரத்தை ஊசிமுனையால் லேசாகத் தட்டினால் ஓடு பக்கவாட்டில் புரளும். அப்போது பொத்தான் காளான் குடையாகிறது. குடை உயரமா, தட்டையா என்பது இப்போதுதான் தெரியும். ஆர்செல்லா இனங்களைப் பிரிப்பதே பெரும்பாலும் அந்த உயரம்தான்.

அதே வட்டத்தில் வாய் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால், ஓட்டில் மண்துகளும் ஒட்டியிருந்தால், பின்பக்கம் முட்களும் நீண்டிருந்தால், அது சென்ட்ரோபிக்ஸிஸ். குடுவையின் நுனியில் வாய் இருந்தால் டிஃப்ளூஜியாவோ யூக்ளிஃபாவோ. கழுத்து வளைந்திருந்தால் சைஃபோடெரியாவையும் லெஸ்குரூசியாவையும் சந்தேகிக்கலாம்.

அடுத்தது, ஓடு எதனால் ஆனது? எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஆர்செல்லா தன் ஓட்டை முழுக்கத் தானே சுரக்கிறது. நுண்ணிய கட்டங்கள் சேர்ந்த புரத ஓடு. 400 மடங்கில் தேன்கூடு போன்ற புள்ளிவரிசை தெரியும். புதிய ஓடு நிறமற்றது. நாளாக ஆக மஞ்சளாகி, பிறகு பழுப்பாகும். இரண்டு ஆர்செல்லாக்கள் வாயோடு வாய் வைத்து ஒட்டியிருக்க, ஒன்று பழுப்பாகவும் மற்றது கண்ணாடி போலவும் இருந்தால் சண்டையோ கலவியோ அல்ல. பழுப்பு தாய், கண்ணாடி இப்போதுதான் பிறந்துகொண்டிருக்கும் மகள்.

டிஃப்ளூஜியா மணலை வெளியிலிருந்து எடுக்கிறது, ஆனால் கொத்தனார் போலக் கல்லடுக்குவதில்லை. செல் இரண்டாகப் பிரிவதற்கு முன்பே துகள்களை விழுங்கி வயிற்றுக்குள் சேமித்துவைக்கிறது. நேரம் வந்ததும் செல்லின் ஒரு பகுதி வாய்வழியாக வெளியே பிதுங்கி, மகளின் அளவுக்கு உப்புகிறது. சேமித்த துகள்கள் அதன் மேற்பரப்புக்கு வந்து, பசையால் ஒட்டிக்கொள்கின்றன. வீடு தயாரான பிறகுதான் இருவரும் பிரிகிறார்கள். மகளின் வாய் தாயின் வாயில் பொருந்தியபடியே உருவாவதால், வாயைச் சுற்றியுள்ள பல்வரிசையும் அச்சு எடுத்ததுபோல் வருகிறது. ஜென்னிங்ஸ் என்ற அமெரிக்க உயிரியலாளர் டிஃப்ளூஜியா கொரோனா என்ற இனத்தின் பற்களை ஒடித்துப் பார்த்து, கண்டதை 1937இல் எழுதினார். அடுத்த தலைமுறையின் வாய் கோணலாகப் பிறந்தது. சில தலைமுறைகள் கழித்துத்தான் பழைய ஒழுங்குக்குத் திரும்பியது.

யூக்ளிஃபாவின் வழி வேறு. அது சிலிக்காச் செதில்களைத் தனக்குள்ளேயே வார்த்துக்கொள்கிறது. ஓடு முழுக்க மீன்செதில் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். வாயைச் சுற்றி உள்ள செதில்களில் மட்டும் ரம்பப் பல். குவாட்ருலெல்லாவின் தகடுகள் சதுரமானவை, ஒருமுறை பார்த்தால் மறக்காது. நெபெலாவோ திருடன். யூக்ளிஃபா போன்றவற்றைத் தின்றுவிட்டு, அவற்றின் செதில்களைத் தன் ஓட்டில் பதித்துக்கொள்ளும். ஆகவே ஒரே ஓட்டில் வட்டமும் நீள்வட்டமுமாகப் பல அளவுத் தகடுகள் கலந்து கிடந்தால் நெபெலாவை நினைக்கலாம்.

இதையெல்லாம் பார்க்க வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும். மேடைக்கு அடியில் உள்ள கண்டென்சரின் துவாரத்தைச் சுருக்கினால் செதில்களின் விளிம்பு எழுந்து நிற்கும். மணல் ஓட்டின் ஊடே வெளிச்சம் சரியாகப் போகாது. கீழ் விளக்கை அணைத்துவிட்டு, 40 மடங்கில், சிறு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் ஒவ்வொரு மணலும் தனித்தனியாக மின்னும்.

உயிருள்ளது கிடைத்தால் போலிக்காலையும் பார்த்துவிடுங்கள். ஸ்லைடை அசைக்காமல் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். விரல் போன்ற மழுங்கிய கால் வந்தால் ஆர்செல்லா, டிஃப்ளூஜியா, நெபெலா இருக்கும் பெருங்குழு. நூல் போல மெலிந்த கால் வந்தால் யூக்ளிஃபா, சைஃபோடெரியா, ட்ரைனெமா பக்கம். இரண்டு கூட்டமும் ஓட்டால்தான் ஒன்றுபோலத் தெரிகின்றன. பரம்பரையில் வெகு தூரம். ஆர்செல்லாவுக்குள் கருப்பு விளிம்போடு ஒரு குமிழி தெரிந்தால் காற்றடைத்துக் கெட்டுப்போன ஓடு என்று ஒதுக்கிவிடாதீர்கள். கவிழ்ந்த ஆர்செல்லா தானே வாயுக்குமிழி உண்டாக்கி நிமிரும்.

ஏமாற்றுபவையும் உண்டு. நான் பல நாள் ‘குட்டி ஆர்செல்லா’ என்று குறித்துவைத்தது ட்ராக்கெலோமோனாஸ். பழுப்பு நிற உருண்டை, ஒரே ஒரு துளை, எல்லாம் பொருந்தும். ஆனால் அது ஓட்டுக்குள் வாழும் யூக்ளினா வகை. துளை ஊசிக்கண் அளவுதான், அதிலிருந்து வருவது கால் அல்ல, ஒற்றைச் சாட்டையிழை. மகரந்தத்தூளும் பாசியின் வித்தும்கூட இப்படி ஆட்களை ஏய்க்கும்.

அளக்காமல் இனப்பெயர் சொல்லக் கூடாது. கண்ணருகு லென்ஸில் அளவுகோல் ஒன்றைப் போட்டு, 1 மில்லிமீட்டரை நூறாகப் பிரித்த மேடை அளவுகோலோடு ஒவ்வொரு லென்ஸுக்கும் ஒருமுறை ஒப்பிட்டு வைத்துக்கொண்டால் போதும். ஓட்டின் நீளம், அகலம், வாயின் விட்டம் மூன்றும் வேண்டும். முள் எண்ணிக்கையை நம்பிப் பெயர் வைப்பது மட்டும் ஆபத்து. ஒரே தாயின் வழிவந்த டிஃப்ளூஜியா கொரோனாக்களிலேயே முட்கள் கூடியும் குறைந்தும் வருவதை அதே ஜென்னிங்ஸ் 1916இலேயே காட்டிவிட்டார்.

எனவே பேரினத்தோடு நிறுத்திக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. யாரிடமாவது படத்தைக் காட்டிக் கேட்பதானால் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, வாயில் ஃபோகஸ் வைத்து ஒன்று என மூன்று படமாவது எடுங்கள், அளவுக்கோட்டோடு. மேலிருந்து எடுத்த ஒரே படத்தை நீட்டினால், எவ்வளவு தெரிந்தவரும் ‘ஆர்செல்லாவாக இருக்கலாம்’ என்றுதான் சொல்வார்.