ஜூரிஸ்டிக்‌ஷன்: எந்த ஊர்க் கோர்ட்டு?

கடை பில்லின் அடியில் ‘சப்ஜெக்ட் டு சென்னை ஜூரிஸ்டிக்‌ஷன்’ என்று பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்களே, அதே ஜூரிஸ்டிக்‌ஷன்தான் திறமூல மென்பொருள் (மூலநிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்று விடுவது) அமைப்புகளின் உறுப்பினர் ஒப்பந்தங்களிலும் கடைசிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். அதுவரை யாரும் படித்துக்கொண்டு போவதில்லை என்பது வேறு விஷயம்.

லத்தீனில் ‘யூஸ்’ என்றால் சட்டம், ‘டிக்டியோ’ என்றால் சொல்வது. சட்டம் இன்னதென்று சொல்லும் அதிகாரம், அவ்வளவுதான். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், அந்த அதிகாரம் செல்லுபடியாகும் நிலப்பரப்பையும் குறிக்கும் சொல்லாகிவிட்டது. தமிழ்நாட்டில் இதை அதிகார வரம்பு என்கிறோம், இலங்கைச் சட்டத் தமிழில் நியாயாதிக்கம். லத்தீன் பொருளுக்கு நெருக்கமானது இரண்டாவதுதான். அதிகார வரம்பு தாசில்தாருக்கும் உண்டு, காவல் நிலையத்துக்கும் உண்டு. அதனால் ஒப்பந்தத்தில் எழுதும்போது ‘நீதிமன்ற அதிகார வரம்பு’ என்று முழுதாக எழுதிவிடுவதே என் கட்சி.

சொல்லை விடப் பெரிய குழப்பம், மூன்று வெவ்வேறு விஷயங்களை இந்த ஒரே சொல்லில் போட்டுக் கட்டுவது: அமைப்பு பதிவான இடம், ஒப்பந்தத்துக்குப் பொருந்தும் சட்டம், வழக்கு நடக்கும் நீதிமன்றம். எக்லிப்ஸ் ஃபவுண்டேஷன் என்ற திறமூல அமைப்பைப் பாருங்கள். 2004-இல் தொடங்கியபோது பதிவு அமெரிக்காவின் டெலவேரில், அலுவலகம் கனடாவின் ஒட்டாவாவில், அதன் மென்பொருளை மற்றவர்கள் பயன்படுத்துவதற்கான பொது உரிமத்தின் முதல் பதிப்புக்குப் பொருந்தியதோ நியூயார்க் சட்டம்! 2017-இல் வந்த இரண்டாம் பதிப்பில் நியூயார்க்கைத் தூக்கிவிட்டார்கள். 2021-இல் அமைப்பே பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸுக்கு இடம் மாறியது, உறுப்பினர்கள் புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று.

ஃபயர்ஃபாக்ஸ் உலாவியைத் தரும் மொசில்லாவின் உரிமமும் இப்படி மாறியதுதான். 1.1 பதிப்பு கலிஃபோர்னியாவைப் பிடித்துக்கொண்டிருந்தது. 2012-இல் வந்த 2.0, வழக்கைப் பிரதிவாதி முதன்மையாகத் தொழில் நடத்தும் இடத்து நீதிமன்றத்தில்தான் தொடுக்கலாம், அந்த இடத்துச் சட்டமே பொருந்தும் என்றது. உறுப்பினர் சந்தா, பங்களிப்பு போன்ற தகராறுகளுக்கு இது நியாயமான ஏற்பாடு என்று நினைக்கிறேன், ஏனென்றால் மதுரையில் இருக்கும் ஒரு தன்னார்வலர் மேல் வழக்குப் போட நினைக்கிறவர் மதுரைக்கு வரட்டுமே. ஆனால் வாக்குரிமை, உறுப்பினரை நீக்குவது மாதிரி உள் விவகாரங்களை அமைப்பு பதிவான இடத்துச் சட்டத்திடம்தான் விட வேண்டும், இல்லாவிட்டால் ஒரே பொதுக்குழுத் தீர்மானத்துக்கு நாட்டுக்கு ஒரு தீர்ப்பு வரும்.

அப்புறம், ‘மட்டும்’ என்ற சொல். குஜராத் நிறுவனம் ஒன்றுக்கும் சேலம் நிறுவனம் ஒன்றுக்கும் இடையிலான ஒப்பந்தத்தில் குஜராத்தின் கைரா ஊர் நீதிமன்ற வரம்பு என்றுதான் இருந்தது, கைராவில் ‘மட்டுமே’ என்று இல்லை. 1989-இல் உச்ச நீதிமன்றம் சேலத்திலும் வழக்கு நடத்தலாம் என்றது. 2013-இல் வேறொரு வழக்கில், அந்தச் சொல் இல்லாவிட்டாலும் ஓர் ஊரைக் குறிப்பிட்டதே மற்ற ஊர்களை விலக்கும் நோக்கத்தைக் காட்டுகிறது என்று தீர்ப்பளித்தது. இருந்தாலும் எழுதிவிடுங்கள்: ‘இந்த ஒப்பந்தத்துக்கு இன்ன நாட்டுச் சட்டம் பொருந்தும். தகராறுகளை விசாரிக்கும் அதிகாரம் இன்ன ஊர் நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு.’ இரண்டும் தனித்தனி வாக்கியமாக.