பின்மூடியைக் கழற்றும் முன் படத்தைப் பாருங்கள்

"செய்தி வாசிக்கிற பிள்ளைக்கு நெத்தி மடங்கிப் போய்த் தெரியுதுய்யா" என்றுதான் அந்த ஆச்சி போனில் சொன்னார். பாளையங்கோட்டையில் வீடு. 21 அங்குல கலர் டிவி, பிக்சர் ட்யூப் வைத்த பழைய செட். எனக்கு முன்னால் வேறொருவர் வந்து பார்த்துவிட்டு, ட்யூப் போய்விட்டது, இதற்கு இனிமேல் செலவு பண்ணாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். மகன் வாங்கிக் கொடுத்த எல்இடி டிவி அடுத்த அறையில் துணி போர்த்திக் கிடந்தது. அதன் ரிமோட் ஆச்சிக்குப் பிடிபடவில்லையாம்.

போனதும் ஸ்க்ரூ டிரைவரை நான் எடுக்கவில்லை. எதிரே நாற்காலி போட்டு இரண்டு நிமிடம் படத்தைப் பார்த்தேன். மேலே நான்கு விரல் அகலத்துக்குப் படம் தன் மேலேயே மடிந்து கிடந்தது, வேட்டி ஓரத்தை மடித்துத் தைத்த மாதிரி. அந்த மடிப்புக்குள் மெல்லிய வெள்ளைக் கோடுகள். மடிப்புக்குக் கீழே படம் சுத்தம். நிறம் சரி, தெளிவும் சரி. ரிமோட்டில் ஒரு பட்டனை அழுத்தினேன். வலது மேல் மூலையில் வர வேண்டிய பச்சை நிற 'ஏவி' எழுத்தும் நசுங்கித்தான் வந்தது. அதோடு எனக்குப் பாதி வேலை முடிந்தது.

அந்தப் பச்சை எழுத்து கேபிளிலிருந்தோ செட்டாப் பாக்ஸிலிருந்தோ வருவதில்லை. டிவி தானே எழுதுவது. படம் கோணலாகி, அதன் மேல் வரும் சவுண்டு அளவுக் கோடு மட்டும் நேராக இருந்தால், கோளாறு வெளியே இருக்கிறது. பாக்ஸ், ஏவி வயர், அதன் முனை, இவற்றில் ஏதோ ஒன்று. படமும் எழுத்தும் சேர்ந்து கோணலானால் கோளாறு பெரும்பாலும் செட்டுக்குள் (பக்கத்தில் இருக்கும் காந்தத்தாலும் ஆகலாம், அதைப் பின்னால் சொல்கிறேன்). இந்த ஒரு சோதனைக்கு மெக்கானிக் தேவையில்லை. இதைச் செய்யாமலே பாக்ஸை மாற்றிய வீடுகளும் பார்த்திருக்கிறேன், பாக்ஸ் கோளாறுக்காக டிவியைக் கழற்றிப் போட்ட வீடுகளும் பார்த்திருக்கிறேன்.

இதிலேயே இன்னொன்று. "எல்லாரும் ஒட்டடைக் கம்பு மாதிரி ஒல்லியாகத் தெரிகிறார்கள்" என்று வரும் புகார். அது கோளாறே இல்லை. பழைய டிவியின் திரை நாலுக்கு மூன்று அளவு. செட்டாப் பாக்ஸ் பதினாறுக்கு ஒன்பது என்று வைத்திருந்தால், அகலப் படத்தை ஒடுக்கி இந்தத் திரைக்குள் திணிக்கும். பாக்ஸின் மெனுவில் போய் 4:3 என்று மாற்றினால் ஆட்கள் பழையபடி சதை போடுவார்கள்.

சரி, ஆச்சி வீட்டு மடிப்புக்கு வருகிறேன். ட்யூபின் கழுத்திலிருந்து கிளம்பும் எலக்ட்ரான் கதிர், இடமிருந்து வலமாகக் கோடு கோடாகப் போட்டுக்கொண்டே மேலிருந்து கீழே இறங்குகிறது. நம் நாட்டு முறையில் மொத்தம் 625 கோடுகள். ஒரு தடவை கீழே இறங்கி மறுபடி மேலே போய்ச் சேர மொத்தம் 20 மில்லிசெகண்ட். கீழே வந்ததும் உடனே மேலே ஏறிப் போக வேண்டும். அதற்குக் கிடைக்கும் நேரம் 1.6 மில்லிசெகண்ட்தான், அந்த நேரத்தில் திரையை இருட்டாக வைத்திருப்பார்கள். இவ்வளவு சீக்கிரம் ஏற, இறங்கும்போது போதுமாக இருந்த 24 வோல்ட் போதாது. அதனால் கதிரை மேலும் கீழும் நகர்த்தும் வெர்டிகல் ஐசி பக்கத்தில், மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் ஒரு கண்டன்சர் இருக்கும், பெரும்பாலும் 100 மைக்ரோஃபாரட், 35 வோல்ட். கதிர் இறங்கும்போது அது சார்ஜ் ஆகும். ஏற வேண்டிய நொடியில் அந்த 24 வோல்ட்டோடு தன்னுடையதையும் சேர்த்துக் கொடுத்து ஏற்றிவிடும். கிணற்றில் இறைக்கிறவனுக்கு இன்னொருவன் கை கொடுப்பது போலத்தான்.

வருஷக்கணக்கில் சூட்டில் இருந்து அந்தக் கண்டன்சர் உள்ளே காய்ந்துபோனால், கை கொடுக்க ஆளில்லை. கதிர் மெதுவாக ஏறும். அது மேலே போய்ச் சேர்வதற்குள் அடுத்த படம் ஆரம்பித்துவிடும். ஏறும் வழியிலேயே வரையப்பட்ட முதல் சில கோடுகள், இறங்கும்போது வரும் கோடுகளின் மேல் விழும். அதுதான் மடிப்பு. உள்ளே தெரிந்த வெள்ளைக் கோடுகள், கதிர் ஏறிப் போகும் தடம். ட்யூபுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ட்யூப் பழசானால் படம் மங்கும், நிறம் வெளுக்கும், போட்டு ரொம்ப நேரம் கழித்து வரும். மடங்காது.

கண்டன்சரை மாற்றினேன். பக்கத்திலேயே வெர்டிகல் ஐசியின் கால்களில் பற்றவைத்த ஈயம் வளையம் விட்டு வெடித்திருந்தது, அதையும் சுத்தம் செய்து மறுபடி வைத்தேன். கண்டன்சர் விலை ஒரு டீ விலைகூட இல்லை. போய் வந்த கூலியைத்தான் வாங்கினேன். டிவிக்குள் இருந்த ஒரு பல்லி எலும்புக்கூட்டை ஆச்சியிடம் காட்டாமல் எடுத்து வந்துவிட்டேன்.

ஐசி காலில் விழும் அந்த வெடிப்பு முற்றினால் என்ன ஆகும் என்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். படம் திடீரென்று சுருங்கி, திரையின் நடுவில் கிடைமட்டமாக ஒரே ஒரு வெள்ளைக் கோடாக நிற்கும். சத்தம் மட்டும் வரும். தலையில் ஒரு தட்டு தட்டினால் படம் விரியும். அந்தத் தட்டுதான் வினை. விட்டு விட்டுத் தொடும் இடத்தில் பொறி பறந்து, ஈயம் வைத்தால் சரியாகியிருக்க வேண்டியது ஐசியையும் சேர்த்துக் கொண்டுபோகும். வெள்ளைக் கோட்டோடு டிவியை ஓடவிட்டு செய்தி கேட்கிறவர்களும் உண்டு. மொத்தத் திரைக்கும் பரவ வேண்டிய கதிர் ஒரே இடத்தில் விழுந்துகொண்டிருக்கிறது. அந்த இடத்துப் பூச்சு கருகி, பிறகு எதைச் சரிசெய்தாலும் நடுவில் ஒரு தழும்பு நிற்கும். கோடு தெரிந்தால் உடனே அணைத்துவிடுங்கள். கோடு செங்குத்தாக நின்றால் அது வேறு குடும்பம், யோக்குக்கு (ட்யூப் கழுத்தில் மாட்டியிருக்கும், கதிரைத் திருப்பும் கம்பிச் சுருள்) போகும் ஹாரிசாண்டல் பக்கம், அதாவது கதிரை இடமிருந்து வலமாக இழுக்கும் பக்கம். யோக் சாக்கெட் கருகி இப்படி ஆனதைச் சில தடவைதான் பார்த்திருக்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்த கோளாறு நெளிவு. படத்தில் தூண், கதவு மாதிரி நேராக இருக்க வேண்டியதெல்லாம் தண்ணீருக்குள் தெரிகிற மாதிரி மெதுவாக நெளிந்துகொண்டே இருக்கும். இரண்டு காரணத்தால் இது வரும், இரண்டையும் கண்ணாலேயே பிரிக்கலாம். பவர் சப்ளையில் இருக்கும் பெரிய ஃபில்டர் கண்டன்சர் காய்ந்துபோவது ஒன்று. கரண்ட் நொடிக்கு 50 சுழற்சி. நான்கு டயோடு போட்டு அதை டிசி ஆக்கும்போது மிச்சமிருக்கும் அலை நொடிக்கு 100 ஆகிவிடும். படமோ நொடிக்கு 50 தடவை வரையப்படுகிறது. ஆகவே ஒரு திரைக்குள் இரண்டு வளைவு விழும். இன்னொரு காரணம் பக்கத்தில் இருக்கும் டிரான்ஸ்பார்மரின் காந்தம். அது 50ஆகவே வரும், திரையில் ஒரே ஒரு பெரிய வளைவு. மேலிருந்து கீழாக வளைவை எண்ணுங்கள். இரண்டு என்றால் பெரும்பாலும் கண்டன்சர். ஒன்று என்றால் டிவியை விட்டுவிட்டு அக்கம்பக்கம் பாருங்கள்.

அக்கம்பக்கத்தில் என்ன இருக்கும்? நம் வீடுகளில் ஸ்டெபிலைசர்தான். ஒரு காலத்தில் டிவி வாங்கினால் கூடவே அதையும் வாங்குவார்கள், வாங்கி டிவியின் தலையிலோ இடுப்பிலோ வைத்துவிடுவார்கள். இப்போது அந்த இடத்தில் இன்வெர்ட்டர். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் போதும், காந்தத்துக்குச் செங்கல் ஒரு தடையே இல்லை.

கலர் திட்டுகளும் இந்தச் சாதிதான். ஒரு மூலை பச்சையாகவும் இன்னொரு மூலை ஊதாவாகவும் இருந்தால், ஸ்பீக்கர் பாக்ஸ் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அதைத் தள்ளி வைத்துவிட்டு, ரிமோட்டில் அணைக்காமல் மெயின் சுவிட்சை அணைத்து அரை மணி நேரம் விட்டுப் போடுங்கள். போட்டதும் 'டொய்ங்' என்று ஒரு சத்தம் வரும் இல்லையா, அது ட்யூபைச் சுற்றியிருக்கும் கம்பிச் சுருள் காந்தத்தை எடுக்கும் சத்தம். பெரும்பாலான செட்டுகளில் மெயின் சுவிட்சைப் போடும்போதுதான் அது வேலை செய்யும், அதுவும் சூடானதும் அந்தச் சுருளுக்குக் கரண்டைக் குறைத்துவிடும் போசிஸ்டர் என்ற பாகம் ஆறியிருந்தால்தான். மூன்று நான்கு நாள் இப்படிச் செய்தும் திட்டு போகவில்லை என்றால் ஆளைக் கூப்பிடுங்கள்.

மழைக்காலத்தில் காலையில் போட்டதும் மங்கலாக வந்து, கால் மணி நேரத்தில் தானாகத் தெளிந்தால், ட்யூபின் கழுத்தில் மாட்டியிருக்கும் சாக்கெட்டில் ஈரமும் துருவும் ஏறியிருக்கிறது. சாக்கெட்டை மாற்றினால் போதும். எல்ஓடி (ட்யூபுக்கு ஹை வோல்டேஜ் கொடுக்கும் டிரான்ஸ்பார்மர்) போய்விட்டது என்று யாராவது சொன்னால், சாக்கெட்டைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். எழுத்துக்கு வலப்பக்கம் வால் நீண்டு இழுபட்டால், ட்யூபின் கலர் பகுதிக்குப் போகும் 180 வோல்ட் சப்ளையின் கண்டன்சரைத்தான் முதலில் பார்ப்பேன்.

இவ்வளவையும் வெளியே இருந்தே பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உள்ளே கை வைக்க வேண்டாம். இணையத்தில் வீடியோ பார்த்துவிட்டுப் பின்மூடியைக் கழற்றுகிறார்கள், அதிலும் பழைய வீடியோ கேம் விளையாடுவதற்காக ட்யூப் டிவி தேடி வாங்கும் பிள்ளைகள். பிளக்கைப் பிடுங்கியாகிவிட்டது, இனி பயமில்லை என்று நினைக்கிறார்கள். பவர் சப்ளையின் பெரிய கண்டன்சரில் 325 வோல்ட் டிசி நின்றிருக்கும். அது தானாக வடியும் என்று சொல்ல முடியாது. ட்யூபின் முதுகில் ரப்பர் தொப்பி போட்டு ஒரு சிவப்பு வயர் போகிறதே, 21 அங்குல கலர் செட்டில் அங்கே சுமார் 25,000 வோல்ட். ட்யூபின் கண்ணாடிக்கு உள்ளும் வெளியும் கரிப்பூச்சு இருப்பதால் ட்யூபே ஒரு கண்டன்சர். அணைத்துப் பல நாள் கழித்தும் அடிக்கலாம்.

தொழிலுக்கு வந்த இரண்டாவது வருஷம் எனக்கு அடித்தது. அந்த அடியைவிட, கையை வெடுக்கென்று இழுத்ததில் வந்த வினைதான் பெரிது. முழங்கை ட்யூபின் கழுத்தில் பட்டு, பென்சில் முனை உடைகிற சத்தம். அப்புறம் 'உஸ்ஸ்' என்று காற்று உள்ளே இழுக்கிற சத்தம். ட்யூப் காலி. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை, மூன்று மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். அன்று கழுத்தோடு போனது என் அதிர்ஷ்டம். 21 அங்குலத் திரையின் முகத்தில் மட்டும் காற்றழுத்தம் ஒரு டன்னுக்கு மேல் அழுத்திக்கொண்டிருக்கிறது. முகம் உடைந்திருந்தால் கண்ணாடி உள்ளே பாய்ந்து வெளியே சிதறியிருக்கும்.

ஒரு படத்தைப் பார்த்தால் மட்டும் வேடிக்கை பார்க்காமல் அணைத்துவிடச் சொல்வேன். படம் நான்கு பக்கமும் கொஞ்சம் சுருங்கி, வழக்கத்தைவிடப் பளிச்சென்று கூர்மையாகி, பின்னால் 'சொர்ர்' என்று சத்தமும் கேட்டால் ஹை வோல்டேஜ் எகிறியிருக்கிறது. ஹாரிசாண்டல் அவுட்புட் பக்கத்தில் இருக்கும் 1600 வோல்ட் கண்டன்சர் ஒன்று உள்ளே தொடர்பு விட்டுப்போனால் இப்படி ஆகும். கையில் கிடைத்த வேறு அளவு கண்டன்சரை அங்கே போட்டு ஓட்டும் தம்பிகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். போர்டில் எழுதியிருக்கும் அதே மதிப்பு, அதே வோல்டேஜ். வேலை முடித்ததும் நேரே பிளக்கில் போடாமல் 100 வாட் சீரீஸ் பல்பு வழியாக, அதாவது டிவிக்குப் போகும் கரண்ட் அந்தப் பல்பைத் தாண்டிப் போகும்படி, போட்டுப் பாருங்கள்.

சரிசெய்யவே முடியாத செட்டைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டால், யோக்கில் இருக்கும் செம்புக்காகக் கழுத்தை அங்கேயே உடைப்பார்கள். கலர் ட்யூபின் பின்பக்கக் கண்ணாடியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஈயச் சத்து. உடைத்த சில்லு வாய்க்கால் ஓரத்தில் கிடப்பதை எங்கள் ஊரிலேயே பார்க்கிறேன். மின்னணுக் கழிவு எடுப்பவர்களிடம் முழுசாகக் கொடுங்கள். 2006க்குப் பிறகு அரசு கொடுத்த 14 அங்குல டிவிக்கள் பல வீட்டுப் பரணில் இருக்கின்றன, இனிமேல்தான் அவை இறங்கப்போகின்றன.

போன வாரம் வள்ளியூரிலிருந்து ஒரு தம்பி, படம் நெளிகிறது என்று வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பினார். வளைவை எண்ணினேன், ஒன்று. வீடியோவின் ஓரத்தில் டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் ஒரு சிவப்பு விளக்கு தெரிந்தது. "அது என்ன தம்பி?" "ஸ்டெபிலைசர்ண்ணே." "அதைத் தூக்கி நாலடி தள்ளி வைங்க." போனைக் கையில் வைத்துக்கொண்டே வைத்தார். நெளிவு நின்றது. "ஆனா வீடியோ எடுத்தா கறுப்புப் பட்டை ஒண்ணு ஓடுதேண்ணே, அதை என்ன பண்ண?" என்று கேட்டார். அது கேமரா படம் பிடிக்கும் வேகமும் டிவி படம் வரையும் வேகமும் ஒத்துப்போகாததால் வருவது. கண்ணுக்குத் தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள் என்றேன்.