முகத்துக்கு ஆறு பெட்டி, குரலுக்கு ஒன்று

"தலைவர் பேசியது பத்து நிமிடம். அதை வைத்து டிவியில் ஒரு மணி நேரம் சண்டை. ஆறு பேரும் சேர்ந்து கத்தும்போது ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. என் காதில் கோளாறா?" என்று கேட்கிறார் ஒரு வாசகர்.

காதில் கோளாறு இல்லை. அதே ஆறு பேர் உங்கள் எதிரே உட்கார்ந்து கத்தியிருந்தால், வேண்டிய ஒருவரின் பேச்சை ஓரளவாவது பிடித்திருப்பீர்கள்.

வலது காதோரம் விரலைச் சொடுக்கிப் பாருங்கள். அந்தச் சத்தம் தலையைச் சுற்றி இடது காதுக்குப் போக ஏறக்குறைய 0.6 மில்லிநொடி கூடுதலாகிறது. மூளைத்தண்டில் சில நரம்பு செல்களுக்கு இதுதான் வேலை: எந்தக் காதுக்கு முதலில் வந்தது, எவ்வளவு முந்தி வந்தது என்று ஒப்பிடுவது. சத்தம் வந்த திசை மூளைக்குத் தெரிவது இப்படித்தான். நல்ல காது 0.01 மில்லிநொடி வித்தியாசத்தைக்கூடக் கண்டுகொள்ளும். இத்தனைக்கும் ஒரு நரம்புத் துடிப்பே சுமார் ஒரு மில்லிநொடி நீடிக்கும். ஜாண் அளவு குச்சியால் மயிரிழையை அளக்கிற கதை! எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை. திசை தெரிந்துவிட்டால் குரல்களைப் பிரிப்பது மூளைக்குப் பாதி சுலபம்.

1953-இல் பிரிட்டன் ஆய்வாளர் காலின் செரி வெளியிட்ட சோதனையில், ஒரே ஆள் பேசிய இரண்டு பேச்சுகளைக் கலந்து இரு காதுக்கும் கொடுத்தார்கள். கேட்டவர்கள் கண்ணை மூடிக்கொண்டு திணறினார்கள். காதுக்கு ஒரு பேச்சாகப் பிரித்துக் கொடுத்ததும் சிரமமே இல்லை.

டிவி செய்வது முதல் வேலையைத்தான். ஆறு மைக்கையும் கலந்து ஒரே இடத்திலிருந்து கொட்டுகிறது, திசை போயிற்று. முகங்களைப் பெட்டி பெட்டியாகப் பிரித்துக் காட்டுகிறவர்கள், குரல்களை இடது வலதாகக் கொஞ்சம் தள்ளி வைத்தாலே போதும். புரிந்துவிட்டால் சுவாரசியம் போய்விடும் என்று நினைக்கிறார்களோ என்னவோ.

சரி, ஏன் கத்துகிறார்கள்? கோபம் பாதிதான். சுற்றிலும் இரைச்சல் கூடினால் நம் குரல் தானாகவே உயரும். 1911-இல் பிரான்சின் காது மருத்துவர் எத்தியேன் லொம்பார் எழுதிவைத்த விஷயம் இது. வாசித்துக்கொண்டிருப்பவரின் காதில் இரைச்சலைப் போட்டால் குரல் ஏறும், நிறுத்தினால் இறங்கும், அவருக்கே தெரியாது. வெளியூரிலிருந்து விவாதத்தில் சேருகிறவர் நிலைமை இன்னும் மோசம். ஒரே காதில் ஒரு சின்னக் கருவி, அதற்குள் மற்ற ஐந்து பேரும்.