மலையில் தங்கியது யார் என்று மண் எப்படிச் சொல்கிறது?

பண்ருட்டிப் பக்கம் மல்லாட்டை (நிலக்கடலை) போடுவதற்கு முன் மண் பரிசோதனைக்கு மண் எடுப்பார்கள். மேலே கிடக்கும் சருகை ஒதுக்கி, மண்வெட்டியால் ‘வி’ வடிவத்தில் அரை அடி ஆழம் வெட்டி, குழியின் பக்கவாட்டைச் சீவி எடுத்து, பல இடத்து மண்ணைக் கலந்து அரைக் கிலோ அனுப்புவார்கள். அந்த முடிவில் வரும் மணிச்சத்துக் கணக்கு, அதாவது பாஸ்பரஸ், தொல்லியலுக்கும் பெரிய உதவி.

தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், மழையில் கரைந்து போகும், காற்றிலும் கலந்துவிடும். மணிச்சத்து அப்படி ஓடாது. நம் செம்மண்ணில் உள்ள இரும்பும் அலுமினியமும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். போட்ட டிஏபி உரத்தின் மணிச்சத்து முழுசாகப் பயிருக்குச் சேராததற்கு இதுவே காரணம். விவசாயிக்கு நஷ்டம்தான், ஆனால் பழங்காலத்தைத் தேடுபவருக்கு லாபம். மனிதர் தங்கும் இடத்தில் எலும்பு, சாம்பல், மலம் எல்லாம் சேரும், அவற்றின் மணிச்சத்து அங்கேயே நின்றுவிடும். 1920களில் சுவீடனில் சர்க்கரை பீட்ரூட் சாகுபடிக்காக மண்ணை ஆராய்ந்த ஓலோஃப் அரினியஸ், பாஸ்பேட் மிகுந்த இடங்கள் பழைய குடியிருப்புகளோடு பொருந்துவதைக் கவனித்தார்.

சரி, விலங்குகள் தங்கினாலும் மணிச்சத்து கூடுமே? அங்கேதான் கொழுப்பு கைகொடுக்கிறது. நம் குடலில் உள்ள பாக்டீரியா, கொலஸ்ட்ராலைக் கோப்ரோஸ்டனால் என்ற ஸ்டனால் வகைக் கொழுப்பாக மாற்றுகிறது. புல் தின்னும் ஆடு மாடுகளின் சாணத்தில் தாவரக் கொழுப்பிலிருந்து உருவான வேறொரு ஸ்டனால்தான் மிகுதி. சிக்கல் பன்றியிடம். அதுவும் நம்மைப் போல எல்லாவற்றையும் தின்பதால் அதன் மலத்திலும் கோப்ரோஸ்டனால் நிறைய உண்டு. அப்போது பித்த அமிலங்களைப் பார்ப்பார்கள். பன்றிக்கே உரிய ஹயோடிஆக்ஸிகோலிக் அமிலம் இருந்தால் அது பன்றி. அது இல்லாமல் லித்தோகோலிக் அமிலமும் டிஆக்ஸிகோலிக் அமிலமும் கோப்ரோஸ்டனாலோடு சேர்ந்து வந்தால் மனிதன். இவை தண்ணீரில் எளிதில் கரையாமல் மண்துகளில் ஒட்டிக்கொள்வதால் பல்லாயிரம் ஆண்டு தாங்கும். மாதிரியை வெறுங்கையால் தொடக்கூடாது. நம் தோலிலும் கொலஸ்ட்ரால் இருக்கிறது.

எத்தியோப்பியாவின் பாலே மலையில் ஃபிஞ்சா ஹபேரா என்ற பாறை ஒதுங்கிடம் 3,469 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் தொட்டபெட்டாவைவிட 800 மீட்டருக்கு மேல் உயரம். அங்கே 47,000 முதல் 31,000 ஆண்டுகளுக்கு முன்புவரை மனிதர்கள் திரும்பத் திரும்ப வந்து தங்கினார்கள் என்று 2019இல் ஓர் ஆய்வுக்குழு ‘சயின்ஸ்’ இதழில் எழுதியது. கற்கருவிகளையும் எலும்புகளையும் ஆராய்ந்ததோடு மண்ணின் வேதியியலையும் சேர்த்துப் பார்த்தார்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்தது, அந்தப் பழங்கால மனிதர்கள் அங்கே தங்க முடிந்ததற்கான காரணம். அப்போது மேலே பள்ளத்தாக்குகளில் பனிப்பாறை, அதிலிருந்து உருகி வரும் தண்ணீர். கருவி செய்ய 4,200 மீட்டருக்கு மேலிருந்து அப்சிடியன் என்ற எரிமலைக் கண்ணாடிக் கல். சாப்பாட்டுக்கு அந்த மலையில் மட்டுமே வாழும் ராட்சத வளை எலி. அதைச் சுட்டுத் தின்றதற்குச் சான்றாகக் கருகிய எலும்புகள் அங்கே கிடைத்தன.