குலைக்கு விலை வைப்பது யார்?

சிலாங்கூரில் உள்ள பெஸ்தாரி ஜெயாவில் (பழைய ஆட்களுக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்) செம்பனை (எண்ணெய்ப் பனை) போட்டிருக்கும் சிறுதோட்டக்காரர்களுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். அவர்களின் பழக்குலையை வாங்கி ஆலைக்கு அனுப்புகிறவர் டீலர். குலை விலை இறங்கினால் போதும், "டீலர் அமுக்கிட்டான்" என்ற புகார் என் மேசைக்கு வந்துவிடும். அதில் பாதிதான் உண்மை.

2022-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். உக்ரேன் போரால் சூரியகாந்தி எண்ணெய் வரத்து முடங்க, வாங்குகிறவர்கள் செம்பனைப் பக்கம் திரும்பினார்கள். மார்ச்சில் கச்சாச் செம்பனை எண்ணெய் டன்னுக்கு 7,000 வெள்ளியை (ரிங்கிட்) தாண்டியது. ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா ஏற்றுமதியை நிறுத்தி, மே 23-இல் திறந்துவிட்டது. தேங்கிக் கிடந்த எண்ணெயெல்லாம் சந்தைக்கு வர, ஜூலையில் விலை 4,000-க்கும் கீழே போனது. இதில் நம்மூர் டீலருக்கு என்ன பங்கு? ஒன்றுமில்லை. உச்ச விலையைப் பார்த்துக் கன்று நட்டாலும், அது காய்க்க ஏறக்குறைய 3 வருடம் ஆகும். அப்போது விலை எங்கே நிற்குமோ!

மீதிப் பாதி உள்ளூர் விஷயம். ரப்பர் காலத்தில் ஷீட்டைப் புகை போட்டு அடுக்கிவைத்து, விலை ஏறும்வரை பொறுக்கலாம். செம்பனைக் குலை பொறுக்காது. வெட்டி ஒரு நாளைக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் கெடும். விற்றே ஆகவேண்டியவரிடம் பேரம் பேசும் பலம் ஏது? ஒரே டீலர் இருக்கும் இடத்தில் அவர் சொல்லும் கழிவுதான் (பிடித்தம்) கழிவு. அதே சாலையில் இன்னொரு டீலரின் லோரி வரத் தொடங்கினால், எண்ணெய் விலை அசையாமலேயே குலை விலை கொஞ்சம் ஏறுவதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, விலையை எப்படிச் சோதிப்பது? மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் 1 சதவீத எண்ணெய்க்கு இவ்வளவு என்று குலை விலை வெளியிடுகிறது. அது 45 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். குலையில் 20 சதவீத எண்ணெய் என்று கணக்கிட்டால் டன்னுக்கு 900 வெள்ளி. 18 என்றால் 810. விலை நன்றாக இருக்கும் நாளில் எண்ணெய் குறைவான பழுக்காத குலையையும் சேர்த்து வெட்டி ஏற்றுகிறவர்கள், 20-ஐ 18 ஆக்கும் காரணத்தை டீலர் கையில் தாங்களே கொடுக்கிறார்கள்.

அக்கம்பக்கத்து நாலைந்து பேர் ஒரே நாளில் வெட்டி, முழு லோரிச் சுமையாகப் பேசிப்பாருங்கள். வாரிய உரிமம் உள்ள டீலரிடமே போடுங்கள். ரசீதில் எடை, தரம், கழிவு மூன்றையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். மொத்தத் தொகை மட்டும் கிறுக்கிய துண்டுச்சீட்டோடு வந்தால், எங்கே குறைந்தது என்று என்னாலும் சொல்ல முடியாது.