டானின்: தமிழில் என்ன சொல்லலாம்?

இத்தாலியில் சிசிலித் தீவின் எட்னா எரிமலைச் சரிவில் சிறுசிறு ஒயின் சாலைகள் நிறைய உண்டு. சில திராட்சைத் தோட்டங்கள் கிட்டத்தட்ட 1000 மீட்டர் உயரம் வரை ஏறிக் கிடக்கின்றன. அங்கே விளையும் நெரெல்லோ மஸ்கலேசே என்ற கருந்திராட்சையில் செய்த சிவப்பு ஒயின், கோப்பையில் பார்த்தால் வெளிறித்தான் இருக்கும். சரி, சாதுவான சரக்கு என்று ஒரு வாய் குடித்தால் ஈறும் நாக்கும் வறண்டு, கன்னத்தின் உள்பக்கம் இழுத்துப் பிடிக்கும். ஊற்றிக் கொடுப்பவர் "டானின்" என்பார்.

நம்மவர்கள் பலர் இதைக் கசப்பு என்று எழுதிவிடுகிறார்கள். தப்பு. கசப்பு நாக்கு அறியும் சுவை. இது வாய் முழுக்க உணரும் பிடிப்பு. திராட்சையின் தோல், விதை, காம்பு மூன்றிலும் டானின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. சிவப்பு ஒயினுக்குச் சாற்றைத் தோலோடும் விதையோடும் ஊறவிட்டுத்தான் நொதிக்க வைப்பார்கள் என்பதால் அது நிறைய இறங்கிவிடும், ஓக் மரப் பீப்பாயில் வைத்தால் அந்த மரமும் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும். உமிழ்நீரில் உள்ள புரதத்தோடு இது ஒட்டிக்கொண்டு திரிந்துவிடுவதால் வாயின் வழுவழுப்பு போய்விடுகிறது. கூடவே இறைச்சியோ பாலாடைக்கட்டியோ சாப்பிட்டால் பிடிப்பு தணிவதும் புரதத்தால்தான்.

சொல் பிறந்த இடம் ஒயின் சாலை அல்ல, தோல் பதனிடும் தொட்டி. இடைக்கால லத்தீனில் 'டன்னும்' என்றால் நொறுக்கிய ஓக் மரப்பட்டை. விலங்குத் தோலை அதில் ஊறவைத்தால் அழுகாமல் பதமாகும். அதற்கும் முன்னால் ஓக் மரத்தைக் குறித்த ஒரு கெல்டிக் சொல் இருக்கலாம் என்கிறார்கள். பிரான்சின் பிரிட்டனிப் பகுதியில் பேசும் கெல்டிக் மொழியான பிரெட்டனில் ஓக் மரத்துக்கு 'டான்' என்று ஒரு சொல் உண்டு. நம் ஊரில் இந்த வேலைக்கு ஆவாரம்பட்டையும் கடுக்காயும். கடுக்காயைக் கடித்தவருக்கு மேற்கொண்டு விளக்கம் வேண்டாம்.

ஆக, தமிழ்ச் சொல் துவர்ப்பு. அறுசுவையில் ஒன்றாக எப்போதோ எண்ணி வைத்துவிட்டோம். வேர்ச்சொல்லான துவருக்குச் சிவப்பு என்ற பொருளும் உண்டு: பழைய கவிகள் சிவந்த உதட்டைத் துவர்வாய் என்பார்கள், தேவாரத்தில் புத்தத் துறவிகளின் காவி உடை துவராடை. பட்டைச் சாறுகள் பலவும் துவர்ப்பாகவும் செந்நிறமாகவும் இருப்பதால் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது, நிரூபிக்கச் சொல்லாதீர்கள். எட்னா ஒயினுக்கு மட்டும் அந்தக் கணக்கு சரிவராது, சிவப்பு குறைவு, துவர்ப்பு அதிகம்.

வேதிப்பொருளைச் சொல்லும்போது டானின் என்றே இருக்கட்டும், படிப்பவர் குழம்பமாட்டார். வாயில் உணர்வதைச் சொல்லும்போது துவர்ப்பு. இளம் ஒயினுக்குப் பிஞ்சுத் துவர்ப்பு, வருடக்கணக்கில் வைத்துப் பதமானதற்கு மென்துவர்ப்பு என்று எழுதிப் பாருங்கள், நன்றாகவே உட்காருகிறது.